சிவப்பு நூல் சொன்ன பெயர்

பொலிஸ்காரர் அந்த ஜாக்கெட்டை ஓர் எனாமல் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் பஞ்சும் கத்தரியும் வைக்கும் தட்டு அது. துணி ஈரமாக இருந்தது. வலது கைப்பக்கத்தை யாரோ அவசரத்தில் வெட்டியிருந்தார்கள். தையலை ஒட்டி வெட்டாமல் நடுத்துணியில் வெட்டிவிட்டார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

இது நீ தைத்ததா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமென்றேன். யாருக்குத் தைத்தது என்றார்.

கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு இருந்தது.

"செல்லம்மா" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த செல்லம்மாவின் கணவர் முத்துவேல் சுவரோடு சரிந்து சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகன் குமார்தான் "அம்மா" என்று ஒரு தடவை சொன்னான். பொலிஸ்காரர் பெயரை எழுதிக்கொண்டார்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் என் தையல் கடையைப் பற்றிப் பெருமையாகவே பேசிவந்திருக்கிறேன். கண்டி டவுனில் எனக்கு நிகர் யாருமில்லை என்கிற அளவுக்கு அளந்துவிட்டேன். இந்த வாரம் பெருமைக்கு இடமில்லை. அன்றைக்கு நான் சொன்ன பெயர் தப்பு.

பன்னிரண்டு பேர், ஒரே சேலை

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் டவுனுக்கு இறங்கும் வழியில்தான் என் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, இரண்டு கதிரை. மூன்றாவது ஆள் வந்தால் வெளியே நிற்க வேண்டும்.

ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை ஒற்றையறை வீடுகளில், இருந்த பன்னிரண்டு பெண்கள், ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள், வருஷா வருஷம் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போவார்கள். இரண்டு மூன்று பேருக்கு அங்கேதான் பிறந்த வீடு. போகும்போது பன்னிரண்டு பேரும் ஒரே நிறத்தில், ஒரே கரையில் சேலை எடுப்பார்கள். தோட்டங்களில் இது பெரிய சந்தோஷம். தேருக்குப் பின்னால் வரிசையாக நடந்தால் எந்தத் தோட்டத்து ஆட்கள் என்று ஊரே கேட்க வேண்டும்.

அந்த வருஷம் வெங்காயத் தோல் நிறம். நிறத்தைத் தேர்ந்தெடுக்கவே மூன்று ஞாயிற்றுக்கிழமை என் கடையில் சண்டை நடந்தது. செல்லம்மாவுக்கு வாய் அதிகம். "இந்தக் கலரு கட்டினா மலையில நிக்கிற பாக்குமரம்கூட அழகா தெரியும்" என்பாள். அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும் ராஜம்மா அதற்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ராஜம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன் காளியப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான்.

செல்லம்மாவும் ராஜம்மாவும் ஒரே உயரம், ஒரே வயது. தூரத்தில் வந்தால் எனக்கே ஆள் பிடிபடாது.

சேலை மட்டுமில்லை. காதுக்கும் கழுத்துக்கும் ஒரே மாதிரி கவரிங் செட் வாங்கினார்கள். தாலிக் கொடியைக் கூட்டத்துக்குள் போட்டுப்போகப் பயந்து வீட்டில் கழற்றிவைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு போனார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை ஆசையாகச் செய்தார்கள். அந்த ஆசையே கடைசியில் எங்களை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

வளைவு

திருவிழா முடிந்து திரும்பும்போது மழை. அவர்கள் பிடித்திருந்த வாடகை பஸ் ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்ததைத் தவிர்க்கப் போய், கீழே ஓடையில் விழுந்துவிட்டது. டிரைவர் பிழைத்தார். பெண்கள் மூன்று பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள்.

அந்த வளைவுக்கு மேலே இருந்தது சிங்களக் கிராமம். சத்தம் கேட்டு இறங்கி ஓடிவந்தவர்கள் அவர்கள்தான். ஸ்ட்ரெச்சருக்கு எங்கே போவது? வீட்டுக் கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கினார்களாம். கதவைக் கழற்றிய வீட்டில் நான்கைந்து நாள் வாசலில் சாக்குத்தான் தொங்கியது என்று பிறகு போனவர்கள் வந்து சொன்னார்கள்.

ஏழாம் நாள் அந்தக் கிராமத்தார் தங்கள் புத்த கோயிலான பன்சலையில், செத்தவர்களுக்குப் புண்ணியம் சேரத் தானம் கொடுத்து, செத்துப்போன மூன்று பேரின் பெயரையும் பிக்குவிடம் எழுதிக்கொடுத்து வாசிக்க வைத்தார்கள். முன்பின் தெரியாத ஆட்களுக்காக. நானும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதாக வாசித்த பெயர் செல்லம்மா. அங்கே உட்கார்ந்து நான் அழுத அழுகையை நினைத்தால் இப்போது எனக்கே என்னவோ போல் இருக்கிறது.

முடிச்சு

கதையை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன். முதல் நாளுக்கே திரும்புகிறேன்.

இறந்த மூன்று பேரில் இரண்டு பேரை முகம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வார்டில் ஒருத்தி நினைவில்லாமல் கிடந்தாள். தலை, முகம், இரண்டு கை, எங்கும் கட்டு. தெரிந்த கொஞ்ச முகமும் வீங்கிக் கிடந்தது. மற்ற எட்டுப் பேரும் காயத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் மிச்சம் இரண்டே பெயர், செல்லம்மாவும் ராஜம்மாவும். ஒருத்தி சவச்சாலையில், ஒருத்தி வார்டில். யார் எங்கே என்பதுதான் கேள்வி.

முத்துவேலிடம் காலைக் காட்டியிருக்கிறார்கள். அட்டை கடித்த தழும்பும் வெடிப்புமாக, கொழுந்து எடுக்கிற எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற கால். "தெரியலயே, தெரியலயே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

தோட்டத்துச் சங்கத் தலைவருக்குத்தான் என் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு ஜாக்கெட்டும் ஒரே துணி என்பதால், மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நிறத்தில் நூல் முடிச்சுப் போடுவது என் வழக்கம். செல்லம்மாவுக்குச் சிவப்பு, ராஜம்மாவுக்குப் பச்சை. டெய்லர் அக்காவைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்றாராம் தலைவர். ஒரு நொடியில்தான் சொன்னேன்.

யோசித்திருக்கலாம். இன்னொரு தடவை பாருங்கள், வேறு அடையாளம் தேடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் வேலையில் தப்பு வராது என்கிற திமிர். அந்தத் திமிரோடு அந்த இடத்தில் நின்றேன்.

மறுநாள் தோட்டத்து மயானத்தில் மூன்று பேரையும் அடக்கம் செய்தார்கள். குமார் மொட்டையடித்துக்கொண்டு பிள்ளை செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். அவன் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், இருபத்திரண்டு வயது. அம்மாவிடம் திட்டு வாங்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

காளியப்பன் கொழும்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். அடக்கத்துக்கு அவன் வரவில்லை. அவன் பெண்டாட்டிதான் உயிரோடு இருக்கிறாளே. அவனைப் பார்த்து லயத்து ஆட்கள் எல்லாரும், கடவுள் உன் பக்கம் கண்ணைத் திறந்திருக்கிறார் என்றார்கள். நானும் சொன்னேன்.

"அண்ணே, ராஜம்மா எங்க?"

ஒன்பதாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரம். காளியப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். முந்தின நாளே அவள் கண்ணைத் திறந்து திறந்து மூடினாளாம். அன்றைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே" என்றாளாம். "நீங்க எப்ப கொழும்புல இருந்து வந்தீங்க? ராஜம்மா எங்க?"

காளியப்பன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் அதே லயத்துப் பெண், கால் முறிந்தவள். அவள் போட்ட கூச்சலில்தான் தாதிமார் ஓடிவந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் செய்தி ஹந்தானைக்கு ஏறிவிட்டது.

எனக்கு வந்து சொன்னது தலைவர். நான் வெட்டுகிற வேலையில் இருந்தேன். கத்தரி கையிலேயே இருக்க, அவர் சொன்னது ஒன்றும் தலைக்குள் போகவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்றேன். திரும்பச் சொன்னார். அப்படியென்றால் மண்ணுக்குள் இருப்பது யார் என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன், எனக்குத் தெரியாதா?

கடையைப் பூட்டக்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அந்த மனிதனுக்கு, உன் பெண்டாட்டி செத்து ஒன்பது நாளாகிவிட்டது, அவளை அடக்கமும் செய்துவிட்டோம், நீ இல்லாமலே செய்துவிட்டோம் என்று யாராவது வாயால் சொல்ல வேண்டும். தப்பாகப் பெயர் சொன்ன வாய்தான் அதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன்.

வார்டுக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "காளியப்பா, நான் பண்ணின தப்புய்யா" என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்கிறான் போல என்று நினைத்தேன்.

"நாலாம் நாளே தெரியும். கைக் கட்ட மாத்துறப்ப பாத்தேன். ராஜம்மாவுக்கு சுண்டு வெரலு வளைஞ்சிருக்கும். இந்தக் கையில வெரலு நேரா இருந்துச்சு."

"பின்ன ஏன்யா சொல்லல?"

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா அவ செத்துருவாளேக்கா" என்றான்.

நான்காம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள்வரை, இது யாருடைய மனைவி என்று தெரிந்துகொண்டே கட்டிலோரம் காத்திருந்து, கடைசியில் கஞ்சியும் கொடுத்திருக்கிறான். வாய் துடைத்துவிட்டிருக்கிறான். ராஜம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். அவனைத் திட்டத் துணியவும் இல்லை, தேற்றத் தெரியவும் இல்லை. அந்தப் படிக்கட்டில் ஆட்கள் எங்களைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

முடிச்சு எப்படி மாறியது

செல்லம்மாவுக்குப் பேச்சு நன்றாக வந்ததும் நான்தான் கேட்டேன். தெரிந்தே ஆக வேண்டும் என்றிருந்தது. அவளிடம் ராஜம்மாவைப் பற்றி அப்போதே சொல்லியிருந்தார்கள். அழுது அழுது அவளுக்குக் கண் இரண்டும் மூடிப்போயிருந்தது.

நான் தைத்துக்கொடுத்த ஜாக்கெட் அவளுக்குக் கையில் பிடித்ததாம். அவள் கொஞ்சம் பெருத்திருந்தாள், நான் போன வருஷத்து அளவை வைத்தே தைத்துவிட்டேன். புறப்படுகிற காலையில் கை உள்ளே போகவில்லை. ராஜம்மாவுக்குக் கை ஒல்லி. ஆனால் எப்போதும் தளர்வாகவே தைக்கச் சொல்வாள், அதனால் அவளுடையது செல்லம்மாவுக்குப் பொருந்தியிருக்கிறது. இரண்டு பேரும் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"அக்காட்ட சொல்லிறாதன்னு அவதான் சொன்னா" என்றாள் செல்லம்மா. "பன்னெண்டு ஜாக்கெட்டு ராப்பகலா தச்சுது, கேட்டா மொகம் வாடிப்போகும்னா."

நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அந்தச் சிவப்பு நூல் உருண்டையைக் குப்பையில் போட்டேன். பிறகு எல்லா நூலையும் போட்டேன். இரண்டு மாதம் மிஷினைத் தொடவில்லை.

யாருக்குக் கருமாதி?

லயம் இரண்டாகிவிட்டது. செல்லம்மா பிழைத்ததைக் கொண்டாடவும் முடியவில்லை. கொண்டாடினால் எதிர்க் காம்பராவில் ராஜம்மா வீடு பூட்டிக் கிடக்கிறது. முத்துவேல் வீட்டுச் சுவரில் இன்னும் செல்லம்மாவின் படம், அதில் காய்ந்த மாலை. அதைக் கழற்றக்கூட ஆளில்லை. யார் கழற்றினால் நல்லது என்று யாருக்கும் தெரியவில்லை.

முத்துவேல் பொங்கிப்போயிருந்தார். என்மேல் இல்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் எல்லாம் காளியப்பன்மேல். "அஞ்சு நாளு என் புள்ள மொட்டத் தலையோட அழுதான், இவன் தெரிஞ்சுக்கிட்டே இருந்தானே" என்று வந்த ஆளிடமெல்லாம் சொன்னார். காளியப்பன் லயத்துக்கே வரவில்லை. டவுனில் ஒரு கோயில் மடத்தில் படுத்துக்கொண்டிருந்தான்.

முத்துவேலுக்கு உள்ளுக்குள் இன்னொன்று அரித்துக்கொண்டிருந்தது. அதைத் தலைவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அடக்கத்தன்று, சுமங்கலியாகப் போகிறவளுக்குப் புருஷன் வைக்கிற குங்குமத்தை அவர் வைத்தாரே. முகம் மூடியிருந்த துணிக்கு மேலேயே வைத்தார். இன்னொருவன் மனைவிக்குப் பொட்டு வைத்த கை என்று அந்தக் கையையே வெறுத்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் பதினாறாம் நாள் நெருங்கிவிட்டது. ராஜம்மாவுக்குக் கருமாதி செய்ய வேண்டும். பிள்ளை இல்லை. பிள்ளையாக நின்று மண் போட்டவன் குமார். அவனே முடிக்கட்டும் என்று பெண்கள் சொன்னார்கள். முத்துவேலின் அண்ணன் குதித்தார். பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் இப்போதுதான் பிழைத்துக் கிடக்கிறாள், அவள் பெயரில் ஆரம்பித்த காரியத்தை மகனே முடித்தால் அது அவளைத்தானே கொண்டுபோகும் என்றார். அதில் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. குமாருக்கும்தான். அவன் முகத்தைப் பார்த்தேன்.

கடைசியில் செல்லம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று போனோம். குமார், தலைவர், நான். தலைவர் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"நா ஒரு தடவ செத்தாச்சு. பன்சலையில எனக்கு புண்ணியம்கூட குடுத்துட்டாங்களாம். இனிமே எனக்கு என்னா வரப் போகுது?" என்றாள். பிறகு குமாரைப் பார்த்தாள். "அவ என் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டுப் போயிட்டாடா. பாதியில விட்டுறாத. முடிச்சு குடு."

குமார் திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகப் போய்ச் சுவரிலிருந்த அம்மாவின் படத்தைக் கழற்றினான். அன்று சாயந்தரமே பெண்கள் ராஜம்மாவின் காம்பராவைத் திறந்து கூட்டினார்கள். கட்டுப்போட்ட கையோடு வந்தவர்களும் கூட்டினார்கள். ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தி விறகு. அந்தச் சிங்களக் கிராமத்திலிருந்து நான்கு பேர் வெற்றிலையும் பழமுமாக வந்து, செல்லம்மா என்று வாசித்தது தப்பாம், சரியான பெயரை எழுதிக்கொடுங்கள், மறுபடி வாசிக்கச் சொல்கிறோம் என்றார்கள். தலைவர் ராஜம்மா என்று தமிழில் எழுதி, அதைச் சிங்களத்திலும் எழுதிக்கொடுத்தார்.

மயானத்தில்

பதினாறாம் நாள் காலை காளியப்பனைத் தலைவர்தான் மடத்திலிருந்து கூட்டிவந்தார். தேயிலைக்குக் கீழே சரிவில் இருக்கிறது மயானம். இரண்டு வாரத்து மழையில் மேடெல்லாம் கரைந்து, மூன்று குழியும் தரையோடு தரையாகிப் புல் முளைத்திருந்தது. கல் இன்னும் நடவில்லை. லயமே வந்து நின்றது. ஆனால் காளியப்பனைச் சுற்றி மட்டும் இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள்.

குமார் பால் ஊற்றினான், தேங்காய் உடைத்தான். பூசாரி சொன்னதையெல்லாம் செய்தான். ராஜம்மா என்று பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு சத்தமாகச் சொன்னான்.

எல்லாம் முடிந்ததும் முத்துவேல் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். அடிக்கப் போகிறாரோ என்று தலைவர் குறுக்கே நகர்ந்தார். முத்துவேல் பூசைத் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துக் காளியப்பன் முன்னால் நீட்டினார்.

"நா வச்சது ஆகாது. நீ வை" என்றார்.

காளியப்பன் ஒரு சிட்டிகை எடுத்தான். குனிந்தான். அப்படியே நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். அவன் அழுகையில் தடுமாறுகிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பிறகு நிமிர்ந்து முத்துவேலைப் பார்த்துக் கேட்டான். "அண்ணே, தல எந்தப் பக்கம்?"

முத்துவேல் ஈர மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். காளியப்பனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தார்.

"இங்க" என்றார். "நெத்தி இங்க."